ஏழாவது தடுப்பின் ரத்தம்

கோழியின் ரத்தம் எடுக்க எனக்கு நாற்பது வினாடி போதும். பிடித்து, கக்கத்தில் இடுக்கி, இறக்கையை விரித்து, உள்பக்கம் நீலமாய் ஓடும் நரம்பில் ஊசியைச் செருகி, ஒரு மில்லி இழுத்து, பஞ்சை அழுத்தி இறக்கி விட்டுவிடுவேன். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அந்த ரத்தம் வீண். பிடிபட்ட பயத்திலேயே அது மாறிவிடும். அப்புறம் நாம் அளப்பது கோழியின் பசியை அல்ல, நம் கையை.

இருபத்தாறு வருடம் இதுதான் என் வேலையாக இருந்தது. பண்ணையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. "காட்டேரி" என்றுதான் கூப்பிடுவார்கள். தீவனம் போடுகிற மூட்டை வைத்த பெயர் அது. அவனுக்கு மூட்டை என்ற பெயர் ஏன் வந்தது என்பது அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே தெரியும். முதலில் வயிறு வரும், பிறகு அவன் வருவான்.

எங்கள் பண்ணையில் இருப்பவை தாய்க்கோழிகள். கறிக்கு வளர்க்கிற குஞ்சுகளுக்கு முட்டையிடுபவை. இந்த இனத்துக் கோழியை இஷ்டத்துக்குத் தின்ன விட்டால் கொழுத்து, கால் மடிந்து, முட்டையும் ஒழுங்காக வராது. அதனால் குஞ்சாக இருக்கும்போதிலிருந்தே அரை வயிறுதான். காலை ஏழு மணிக்குப் போடும் தீவனம் பத்து நிமிடத்தில் காலி. மீதி நாள் முழுக்க அவை காலித் தட்டைக் கொத்திக்கொண்டிருக்கும். கொட்டகையைக் கம்பியால் தடுப்புத் தடுப்பாகப் பிரித்திருக்கிறோம்; ஒரு தட்டுக்கு நாலு அலகு, ஒரு தடுப்புக்கு ஐந்து தட்டு. மழை தகரத்தில் விழுகிற மாதிரி சத்தம் வரும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரம் காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் பழகிவிடும். எனக்கும் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

பண்ணையின் கால்நடை டாக்டரம்மா செய்யும் ஆராய்ச்சி இந்தப் பசியைப் பற்றியது. பன்னிரண்டு தடுப்பு, ஒவ்வொன்றிலும் இருபது கோழி. ஒன்றிலிருந்து ஆறு வரை முழுத் தீவனம். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வழக்கமான அரைத் தீவனம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தீவனம் போடும் முன் நான் ரத்தம் எடுத்து, சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் பிரித்து, ஹார்மோன்களை அளக்க வேண்டும். முக்கியமாக இரண்டு. ஒன்று தைராய்டு சுரப்பது. உடம்பு எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதை அது காட்டும். மற்றது உடம்பு தவிக்கும்போது ஏறுவது. அதன் பெயரைச் சொன்னால் மூட்டைக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால் அவன் முதலாவதற்கு அடுப்பு என்றும் இரண்டாவதற்கு மணி என்றும் பெயர் வைத்தான். வயிறு நிறைந்தால் அடுப்பு எரியும், மணி அடங்கும். பட்டினி கிடந்தால் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு உடம்பு மணி அடிக்கும். கடைசியில் டாக்டரம்மாவே "இன்னிக்கு அடுப்பு எப்படி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சர்க்கரையையும் அளப்போம். ஆனால் அது அசையாது. கோழியின் உடம்பு அப்படி. ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போட்டாலும் அதன் ரத்தச் சர்க்கரை பெரிதாக இறங்காது. இதை என் கையால் ஆயிரம் முறை அளந்திருக்கிறேன். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் இது வரும்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை ஏழாவது தடுப்பின் எண்கள் தப்பாக வந்தன.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மணி சத்தமே இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் பசியின் ரத்தம். ஏழு மட்டும் சாப்பிட்ட ரத்தம். முந்தின வாரமே லேசாக அப்படி இருந்தது, கவனிக்காமல் விட்டிருந்தேன். குழாய் மாறிவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன். அதேதான். எடையைப் பார்த்தேன். ஏழில் கோழிக்கு நூறு நூற்றைம்பது கிராம் கூடியிருந்தது.

மூட்டையைக் கூப்பிட்டேன்.

"ஏழுல கூடப் போட்டியா?"

"யோவ் காட்டேரி, எனக்கே வீட்டுல அரை வயிறுதான் போடறா. நான் கோழிக்குக் கூடப் போடுவேனா?"

"வெளயாடாத. ரத்தத்துல வந்திருக்கு."

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தீவனத் தொட்டியின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினான். "பூட்டு என்கிட்டதான் இருக்கு. அளந்துதான் எடுக்கறேன், எழுதறேன். ஒரு கரண்டி குறையல. வேணும்னா நீயே நிறுத்துப் பாரு."

நிறுத்துப் பார்த்தோம். குறையவில்லை.

அவன் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "ஏழுன்னா... உன் வீட்டம்மா தடுப்புல்ல?"

அவன் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது.

என் மனைவி இதே கொட்டகையில் தீவனம் போடுபவளாக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு தொகுதிக் கோழிகள் இருந்தபோது, இதே மாதிரி ஏழாவது தடுப்பில் சாப்பிட்ட ரத்தம் வந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் தொட்டியிலிருந்து இரண்டு டப்பா அள்ளி ஏழுக்கு மட்டும் கொட்டிக்கொண்டிருந்தாள். தட்டின் விளிம்பில் டப்பாவை மூன்று தடவை தட்டிவிட்டுக் கொட்டுவாள். வீட்டிலும் அப்படித்தான். சோறு போடும்போது பானையின் விளிம்பில் கரண்டியால் மூன்று தட்டு. அது கேட்டால் நானும் மகளும் எங்கிருந்தாலும் வந்து உட்காருவோம்.

அவளைக் காட்டிக் கொடுத்தது நான்தான். எண்ணைப் பார்த்தேன், கேட்டேன், அவள் ஒப்புக்கொண்டாள், நான் போய்ச் சொன்னேன். தொட்டிக்குப் பூட்டுப் போடச் சொன்னதும் நான்தான். அவளைக் கொட்டகையிலிருந்து எடுத்து முட்டை அறைக்குப் போட்டார்கள். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, "அதுங்களுக்குப் பசிக்குதுன்னு உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்" என்றாள். "ரத்தத்துல வந்தாத்தான் நம்புவீங்க. வாயால சொன்னா நம்ப மாட்டீங்க."

கொஞ்ச நாளில் அவளுக்குச் சர்க்கரை நோய் காலில் புண்ணாக வந்தது. வேலையிலிருந்து நின்றாள். அந்த இடத்துக்கு மகள் போனாள்.

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது இருக்கும் கோழிகள் அதற்கு அடுத்த மாதம் ஒருநாள் வயதுக் குஞ்சுகளாக வந்தவை. அவளை அவை பார்த்ததே இல்லை.

டாக்டரம்மாவிடம் மறைக்க முடியாது. எண்கள் அவரிடம்தான் போகும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"யாரோ உள்ள புகுந்து போடறாங்க. திங்கட்கிழமை கேமரா வைக்கறேன். யாருன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே வேலைய விட்டு வெளிய. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. நீங்கதான் போன தடவையும் கண்டுபுடிச்சீங்க."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

எனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இருந்தன. திங்கட்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேமராவில் ஒரு ஆள் தெரிந்தால் அந்த ஆளுக்கு வேலை போகும். யாருமே தெரியாமல் தட்டு மட்டும் நிறைந்தால்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. செத்துப்போன என் மனைவியிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஏழாவது தடுப்பின் முன் நின்றேன். கோழிகள் தட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு காலி டப்பாவை எடுத்துத் தடுப்பின் கம்பியில் மூன்று தடவை தட்டினேன்.

டொக். டொக். டொக்.

இருபது கோழியும் ஒரே சமயத்தில் கொத்துவதை நிறுத்தின. தலையைத் தூக்கின. பிறகு ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தன. எட்டாவது தடுப்புக்குப் போய் அதே மாதிரி தட்டினேன். அங்கே ஒன்றுகூடத் திரும்பவில்லை.

டப்பா கையிலிருந்து விழுந்துவிட்டது.

வீட்டில் மகள் சமைத்து மூடி வைத்திருந்தாள். இந்த எட்டு மாதமாக அவள் என்னிடம் பேசுவது மிகக் குறைவு. "சாப்பாடு இருக்கு", "வரேன்", "தண்ணி வரல" என்பதோடு சரி. அவள் கரண்டியால் தட்டுவதில்லை. மூடி வைத்துவிட்டுத் தன் தட்டோடு அறைக்குப் போய்விடுவாள்.

சமையலறையில் ஒரு தகர பீரோ இருக்கிறது. பூட்டியிருக்கிறது. சாவி என் சட்டைப் பையில். எட்டு மாதமாக நாங்கள் இருவருமே அதைத் திறக்கவில்லை. சாமான்களை வேறு டப்பாக்களில் வாங்கி ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டோம். பீரோவின் பூட்டைச் சுற்றித் தகரம் நசுங்கியிருக்கிறது. பிறை பிறையாக ஏழெட்டுப் பள்ளம். சோற்றுக் கரண்டியின் விளிம்பு அளவு.

அந்தக் காலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். காலையில் விரலில் குத்தி அளந்தேன். இருநூற்று நாற்பது.

"நேத்து என்னத்தையோ தின்னுருக்க."

"இல்லங்க."

"ரத்தம் பொய் சொல்லாது. மாத்திரையப் போடு. காலைல ஒண்ணும் வேணாம். மத்தியானம் நான் வந்து பாத்துட்டு அப்புறம் சாப்பிடலாம்."

"மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. நேத்து ராத்திரியும் நீங்க பாதிதான் போட்டீங்க. பசிக்குதுங்க."

"பசி யாரையும் ஒண்ணும் செய்யாது. என் கோழிங்க ரெண்டு நாள் பட்டினி கிடந்தாக்கூட சர்க்கரை இறங்கறதில்ல. உனக்கு மட்டும் இறங்கிடுமா?"

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்கிறேன். அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சர்க்கரை, பிஸ்கட், ரொட்டி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கோழிகளுக்கு ரத்தம் எடுக்கப் போனேன்.

அன்று மகளுக்கு அரை நாள் வேலை. பதினொன்றரைக்கு வந்தவள்தான் பார்த்தாள். சமையலறைத் தரையில், கையில் கரண்டியோடு. ஆஸ்பத்திரியில் அளந்தபோது இருபத்தெட்டு. என் கோழிகளில் ஒன்றுக்குக்கூட அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. மனிதர்களுக்குச் சர்க்கரை அந்த அளவு இறங்கினால் முதலில் புத்தி தடுமாறுமாம். வாசல் திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் ஒரு வாய் சர்க்கரை கொடுத்திருப்பார்கள். அவளுக்கு அது தோன்றவில்லை. பூட்டிய பீரோதான் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் போய்விட்டாள். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா வந்து அழுதுகொண்டே சொன்னார்: "டொக்கு டொக்குன்னு ரொம்ப நேரம் கேட்டுச்சுண்ணே. சமைக்கிறாங்க போலன்னு நெனச்சுட்டு மிஷின மிதிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

எனக்குக் கேட்க வேண்டியது இதுதான். அவள் பூட்டை உடைக்கத் தட்டினாளா, இல்லை, எப்போதும் போல எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாளா? புத்தி தடுமாறியவள் எதற்குத் தட்டியிருப்பாள்? எந்த ரத்தத்தை அளந்தாலும் இது தெரியாது.

அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சத்தம் கேட்கிறது. ராத்திரியில் இல்லை. காலையில் சவரம் செய்யும்போது, ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தும்போது, சமையலறைப் பக்கமிருந்து மூன்று தட்டு. போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பல்லி, குழாய்ச் சொட்டு, ஜன்னல் கொக்கி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கொக்கியில் துணியைச் சுற்றினேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சத்தம் நிற்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் கொட்டகைக்குள், பழைய சாக்குகள் அடுக்கியிருந்த மூலையில் போய் உட்கார்ந்தேன். வெயில் தகரத்தின் வழியே இறங்கியது. மின்விசிறிகள் சுற்றின. தூசு மிதந்துகொண்டிருந்தது. இருநூற்று நாற்பது கோழிகளில் நூற்று இருபது காலித் தட்டைக் கொத்தின. அந்தச் சத்தத்தை அப்படி உட்கார்ந்து நான் கேட்டதே இல்லை. எப்போதும் கையில் ஊசியும் கண்ணில் கடிகாரமுமாகத்தான் இருந்திருக்கிறேன். கால் மணி நேரம் கேட்டிருப்பேன். எனக்கு அந்தத் தகரம் எங்கள் சமையலறைத் தகரமாகிவிட்டது.

ஒன்றரைக்குப் பின்கதவு திறந்தது.

பச்சைக் கோட்டு. மூக்கை மறைத்த துணி. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, காலைத் தேய்த்து நடக்கும் என் மனைவியின் அதே நடை. கையில் ஒரு டப்பா. நேராக ஏழுக்குப் போனாள். குனிந்தாள்.

டொக். டொக். டொக்.

கோழிகள் ஓடி வந்தன. அவள் கொட்டினாள். ஏழாவது தடுப்பில் சத்தம் மாறியது. காலித் தட்டைக் கொத்துவதும் தீவனத்தைக் கொத்துவதும் வேறு வேறு சத்தம்.

நான் எழுந்து நின்றேன்.

"வந்துட்டியா?" என்றேன்.

டப்பா கீழே விழுந்தது. அவள் திரும்பி, முகத்துத் துணியைக் கீழே இழுத்தாள். என் மகள்.

கோழிகள் தின்றுகொண்டிருந்தன.

"வந்துட்டியான்னு யாரக் கேட்டீங்க?"

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

"அப்பா. யாரக் கேட்டீங்க?"

"உங்கம்மா கோட்டா அது?"

"ஆமா. முட்டை ரூம் வெள்ளைக் கோட்டப் போட்டா அதுங்க மெரளுது."

"எத்தன வாரமா?"

"மூணு."

"தொட்டி பூட்டியிருக்கே. தீவனம் ஏது?"

"ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் தட்டுல மிஞ்சுறத மூட்டை மாமா நிறுத்து எழுதிட்டுப் பின்னால குழியில கொட்டறாரு. அதத்தான் அள்றேன்." குனிந்து டப்பாவை எடுத்தாள். "நீங்க பூட்டுப் போடாத எடம் அது ஒண்ணுதான்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"ஏம்மா ஏழு மட்டும்?"

"அம்மா ஏழுக்குத்தான போட்டா. எல்லாத்துக்கும் போட முடியாது, ஒண்ணாவது நெறையட்டும்னு சொல்வா." அவள் என்னைப் பார்க்காமல் கோழிகளைப் பார்த்துப் பேசினாள். "ஆஸ்பத்திரில ரெண்டாம் நாள் கொஞ்சம் முழிச்சா. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. 'ஏழுக்குப் போட்டாச்சா?'ன்னு கேட்டா. போட்டாச்சும்மான்னு பொய் சொன்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டா. அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரத்தத்துல வரலையே."

நான் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் போகவில்லை. "இதுங்களுக்குச் சர்க்கரை இறங்காதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "சின்னதுலயே சொல்லிக் குடுத்தீங்க. சர்க்கரை இறங்கலன்னா பசி இல்லன்னு ஆயிடுமாப்பா?"

"திங்கட்கிழமை கேமரா வைக்கறாங்க. தெரிஞ்சா உன் வேலை போயிடும்."

"போய்ச் சொல்லுங்க. பழக்கம்தான உங்களுக்கு."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கேமராக்காரர் ஏணியோடு வருவதற்கு முன்பே, டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

"ஏழுக்குப் போட்டது நான்தாம்மா."

அவர் நம்பவில்லை. "நீங்களா? ஊசி ஒரு நொடி தாமதமானாக்கூட அந்த ரத்தத்தக் கீழ கொட்டற ஆளு நீங்க. எதுக்கு?"

"பசிச்சுது."

"யாருக்கு?"

என் கை சட்டைப் பையில் இருந்த சாவியைத் தொட்டது. "கோழிங்களுக்குத்தாம்மா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போன மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

"பசிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எவ்வளவு பசின்னு எண்ணா எடுத்துக் காட்டினாத்தான் மேல இருக்கறவங்க தீவனத்தக் கூட்டுவாங்க. அதுக்குத்தான இந்த ஆராய்ச்சியே. பசியில வச்ச ஆறு தடுப்புல ஒண்ணக் கெடுத்துட்டீங்க."

"வாயால சொன்னா நம்ப மாட்டாங்களாம்மா?"

"யாரு நம்புவா?" என்றார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. இருபத்தாறு வருடத்துக்காக என்றார். ரத்த அறையிலிருந்து எடுத்து, மூட்டைக்குக் கீழே தீவனம் போடும் வேலைக்கு மாற்றினார். ஏழாவது தடுப்பு ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து நீங்கியது. கணக்கில் இல்லாத கோழிக்குக் கொட்டகையில் இடமில்லை. மறுநாளே கறிக்கடை வண்டி வந்தது.

இதை நான் யோசிக்கவே இல்லை. மகளின் வேலையைத்தான் நினைத்தேன். இருபது கோழிகளைக் கூடையில் அடைத்து ஏற்றுவதை முட்டை அறை வாசலில் நின்று அவள் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "மன்னிச்சுடும்மா" என்றேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"வயிறு நெறஞ்சு போகுதுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுவாவது."

அன்று சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுப் போய்ப் பீரோவைத் திறந்தாள். கதவு நசுங்கியிருந்ததால் இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. ரொட்டி கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமலேயே இருந்தது. சர்க்கரை டப்பா பூட்டுக்கு நேர் பின்னால், கதவை ஒட்டினாற்போல் இருந்தது. நான் வைத்த இடம். வெளியே பள்ளம் விழுந்த இடத்திலிருந்து அதற்கு ஒரு விரல் அகலம்கூட இல்லை.

மகள் பூட்டையும் சாவியையும் ஒரு தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள். சர்க்கரை டப்பாவை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் அதிலிருந்து எடுப்பதில்லை.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு நான்தான் தீவனம் போடுகிறேன். அளந்து, அரை வயிறுக்கு. ஆராய்ச்சி முடிகிறவரை அப்படித்தான். எட்டுக்குப் போடும்போது எட்டைப் பார்க்கிறேன், ஒன்பதுக்குப் போடும்போது ஒன்பதை. மூட்டை கிண்டல் பண்ணுகிறான். "காட்டேரி இப்ப சோறு போடுதுப்பா, உலகம் திருந்திடுச்சு." டப்பாவை நான் எங்கேயும் தட்டுவதில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் மகள் சாப்பாட்டுப் பெட்டியோடு தீவன அறைக்கு வந்தாள். "மேல சாப்பாட்டு ரூம்ல ஒரே கூட்டம்" என்றாள். சாக்கை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அறைக்கதவு திறந்திருந்தது. கொட்டகையின் மறுகோடிவரை தெரிந்தது. மூட்டை சாப்பிடப் போய்விட்டான். வேறு யாரும் இல்லை. அவள் தன் பெட்டியிலிருந்து பாதியை என் தட்டில் வைத்தாள். நான் முதல் வாய் எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

கொட்டகையில் கொத்தும் சத்தம் எல்லாம் ஒரே நொடியில் நின்றது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நூறு கோழிகளும் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தன. அவற்றுக்கு அந்தத் தட்டும் சத்தம் தெரியாது. எட்டில் நானே தட்டிப் பார்த்தேன் இல்லையா, ஒன்றுகூடத் திரும்பவில்லை. இப்போது எல்லாம் ஏழாவது தடுப்பைப் பார்த்தன. அது கழுவிக் காயப்போட்டு வெறுமையாகக் கிடந்தது. தட்டுகளைக்கூட எடுத்தாகிவிட்டது.

என் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. மகளின் கையும் நின்றிருந்தது.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு."

எட்டு மாதமாக நான் ஒருவன் மட்டும்தான் அதைக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். "வீட்லயும் கேக்குமா உனக்கு?"

அவள் தலையை ஆட்டினாள். "டெய்லி."

நான் எழுந்திருக்கப் போனேன். போய்ப் பார்க்க வேண்டும், கம்பியைப் பிடித்துப் பார்க்க வேண்டும், எது தளர்ந்திருக்கிறது, எது தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒக்காருங்கப்பா. சாப்பிடத்தான கூப்புடறா."

உட்கார்ந்தேன். அவள் இன்னொரு கரண்டி சோறு என் தட்டில் வைத்தாள். கொட்டகையில் ஒரு கோழிகூடக் கொத்தவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை அவை அப்படியே நின்றிருந்தன.